காரைக்குடியில் பழைய ஹோண்டா சிட்டி விடெக்: வீட்டிலேயே பராமரிப்பு, வீட்டிலேயே மெருகேற்றம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 2000-களின் தொடக்கத்தில் வந்த கார். பார்க்க சாதாரண நாலு கதவு செடான். ஆனால் 106 குதிரைத்திறன், ஒரு டன்னை ஒட்டிய எடை. நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால், வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கும் விடெக் அமைப்பு வேலைக்கு வந்து எஞ்சினின் குரலே மாறிவிடும். அந்தக் குரலுக்காகத்தான் இதை வாங்கினேன், பல வருடமாக நானே ஸ்பானர் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இதே மாதிரி பழைய வண்டி வாங்கிய தம்பிகள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வேறு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

துருவை. எஞ்சினைப் பிரித்துச் சேர்த்துவிடலாம், அரித்துப்போன பாடியை அப்படிச் செய்ய முடியாது. ராமேஸ்வரம், தொண்டி, மண்டபம் பக்கம் ஓடிய வண்டி என்றால் கட்டாயம் ஜாக்கி போட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நம்ம ஊர் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு மையமே வைத்திருக்கிறது. இரும்பைக் கடற்காற்று எப்படித் தின்னும் என்று சோதிக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அங்கே பத்து வருடம் நின்ற காரின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, குளிர்ந்த எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தயிர் மாதிரி வெள்ளையாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம், எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்பான், அதாவது ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம். ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுக்கும்போது நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அப்புறம் காகிதம்: ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா, கடன் முடிந்த வண்டி என்றால் படிவம் 35 கையில் இருக்கிறதா, பெயர் மாற்றத்துக்கான 29, 30 கையெழுத்தாகிவிட்டதா. இவை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கியாச்சு. முதலில் என்ன மாற்றலாம்? அலாய் வீலா, சைலன்சரா?

இரண்டும் வேண்டாம். இருபது வருட வண்டி, புதிதாக இருந்தபோது ஓடிய ஓட்டத்தை இப்போது ஓடாது. இந்த வண்டிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப்பெரிய மெருகேற்றம், அது இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான். எஞ்சின் மவுண்டிங் ரப்பர், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், பிளக், பிளக் ஒயர், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட், எல்லா ரப்பர் ஹோஸும். இவ்வளவையும் மாற்றி ஒரு வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டுத் திருமயம் வரை போய் வாருங்கள். இது வேறு வண்டி என்று நீங்களே சொல்வீர்கள். மிச்சக் காசு இருந்தால் அப்போது அலாய் பற்றிப் பேசலாம்.

கியர்பாக்ஸ் ஆயில் பற்றி மட்டும் ஒன்று. ஹோண்டாவின் மேனுவல் கியர்பாக்ஸுக்கு என்று தனி ஆயில் உண்டு. கடைக்காரர் 'எல்லா வண்டிக்கும் இதுதான்' என்று கெட்டியான கியர் ஆயிலை நீட்டுவார். அதை ஊற்றினால் காலையில் இரண்டாவது கியர் கரகரவென்று ஏறும். வாங்கிய புதிதில் என் வண்டி அப்படித்தான் கரகரத்தது. வடித்துவிட்டுச் சரியான ஆயில் ஊற்றினேன், இரண்டு வாரத்தில் சரியானது.

வீட்டில் எந்த இடத்தில் வேலை செய்வது?

முகப்பில் வேண்டாம். அங்கே பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, எண்ணெயைக் குடிக்கும். நான் ஒருமுறை வெயிலுக்குப் பயந்து பெரிய வீட்டு முகப்பு ஓரத்தில் ஆயில் ஃபில்டரைக் கழற்றி வைத்தேன். ஒரு சொட்டுதான். ஆச்சி பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கல்லு எங்க ஐயா காலத்துல பதிச்சதுப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சுண்ணாம்புத் தூள் போட்டேன், சோப்பு போட்டேன், அந்த வட்டம் இன்றும் இருக்கிறது.

வெளிக்கொட்டகையில், சிமெண்டுத் தரையில் வேலை செய்யுங்கள். செம்மண் தரை என்றால் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு பாரத்தில் மெல்லப் புதையும், ஒரு பக்கமாகச் சாயும். நாலு ஸ்டாண்டுக்கும் அடியில் இரண்டங்குலக் கனத்தில் மரப்பலகை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு பக்கவாட்டில் பலமாக உலுக்கிப் பார்த்து, அசையாவிட்டால் மட்டும் உள்ளே போங்கள். கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்கப்போட்டு வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் அடியில் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

என்னென்ன கருவி வேண்டும்?

8 முதல் 19 வரை ரிங் ஸ்பானர், நல்ல பாக்ஸ் செட், இடைவெளி அளக்கும் ஃபில்லர் கேஜ், மல்டிமீட்டர், இரண்டு டன் ஸ்டாண்டு நாலு. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச் ஒன்று கட்டாயம். அலுமினிய எஞ்சின் இது. 'கை அளவு தெரியும்' என்று முறுக்கிப் பிளக் மரையை அறுத்தவர்களின் வண்டிதான் லேத் பட்டறையில் நிற்கிறது. பிளக்குக்கு 18 நியூட்டன் மீட்டர் போதும், வீல் நட்டுக்கு 108.

விடெக் 'அடிக்கவே' இல்லை. எஞ்சின் போச்சா?

முதலில் ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். விடெக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. சுற்று ஏறும்போது சோலினாய்டு என்ற மின்வால்வு திறந்து, எஞ்சின் வால்வைத் தள்ளும் ராக்கர் ஆர்முக்குள் ஆயில் பாய்ந்து, ஊசி நகர்ந்து, மூன்று ஆர்மையும் ஒன்றாகப் பூட்டும். அப்போதுதான் உயரமான கேம் வால்வைத் தள்ளும். ஆயில் குறைந்தாலோ கசடு கட்டினாலோ இந்தப் பூட்டு விழாது.

ஆயில் சரி என்றால், சோலினாய்டுக்கு அடியில் ரப்பர் விளிம்போடு சின்ன வலை ஒன்று இருக்கும். மூன்று போல்ட்டுதான், கழற்றிவிடலாம். என் வண்டியில் கழற்றியபோது அந்த வலை முழுக்கக் கரிப்பசை, நடுவில் கடுகு அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. பெட்ரோலில் கழுவி, புது வலையோடு வரும் கேஸ்கட் போட்டேன். அந்தக் குரல் திரும்பி வந்தது. எஞ்சின் ஆயிலை நான் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நம்ம ஊர்த் தூசிக்கும், கடைவீதி வரை போய் வரும் குட்டி ஓட்டத்துக்கும் அதுதான் சரி.

மதிய வெயிலில் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை, சாயங்காலம் தானாக ஸ்டார்ட் ஆகிறது. என்ன பேய் இது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சித்திரை மாதம், பள்ளத்தூரில் கல்யாணம். வண்டியை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிட்டுத் திரும்பினால், செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தேன். பிறகு ஒரே சுற்றில் பிடித்தது. ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்ப் போய்விட்டது என்று புதுப் பம்ப் போட்டார்கள். அடுத்த வாரமும் அதே கதை. பம்புக்குக் கொடுத்த பணம் இன்றும் மனதில் உறுத்துகிறது.

பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'உய்ய்' என்று முனக வேண்டும். குளிர்ந்திருக்கும்போது முனகியது. சூட்டில் ஒரு சத்தமும் இல்லை. பம்புக்கு மின்சாரமே போகவில்லை.

குற்றவாளி, பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான மெயின் ரிலே, டாஷ்போர்டுக்கு அடியில் இருப்பது. அக்காலத்து ஹோண்டாக்கள் பலவற்றிலும் இந்த வியாதி உண்டு. மூடியை நெம்பிக் கழற்றி, உள்ளே இருக்கும் போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தடித்த பின்களைச் சுற்றி ஈயப்பற்றில் மயிரிழை போல ஒரு வட்டம். பின் ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம். குளிரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும், காருக்குள் சூடு ஏறியதும் விலகிவிடும். டிவி ரிப்பேர் கடை அண்ணன் எல்லாப் பின்னுக்கும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்று வைத்துக் கொடுத்தார். டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ அக்னி நட்சத்திரம் போய்விட்டது, ஒருநாளும் நின்றதில்லை.

பம்ப் முனகியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போங்கள். உள்ளே இருக்கும் இக்னைட்டரும் சூட்டில் மக்கர் செய்வதுண்டு. பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எஞ்சின் சூடாகிறது. கூலண்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாமா?

மெக்கானிக்குகள் சொல்லும் வைத்தியம் இது. கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். ஆயிலும் கெடும்.

ரேடியேட்டர் மூடியை முதலில் மாற்றுங்கள். அது பிடிக்கும் அழுத்தத்தால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி இருந்தால் மற்ற எல்லாம் புதிதாக இருந்தும் பிரயோசனமில்லை. அடுத்து ரேடியேட்டர் இடுக்குகள். முன்னால் பூச்சி, பின்னால் செம்மண். எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக மெல்லிய தண்ணீர் அடித்தால் சேறாக வடியும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம்ம பக்கத்துத் தண்ணீரின் உப்பு உள்ளே படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றுக் குமிழ் நிற்கும் வரை மூடி திறந்த நிலையில் எஞ்சினை ஓடவிடுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறப்பவர்கள் முகத்தைச் சுட்டுக்கொள்வார்கள். ஆறட்டும்.

கோன் ஃபில்டர் (கூம்பு வடிவத் திறந்த ஏர் ஃபில்டர்) போட்டால் பவர் ஏறுமா?

சத்தம் ஏறும். பானெட்டுக்கு அடியில் திறந்தபடி உட்காரும் கோன், ரேடியேட்டர் கக்கும் வெந்த காற்றைத்தான் இழுக்கும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, பவரும் குறைவு. அதைவிடப் பெரிய காரணம் நம்ம மண். கோட்டையூரிலிருந்து உள்ளே எந்தக் கிராமத்துக்குப் போனாலும் முன்னால் போகும் டிராக்டர் கிளப்பும் புழுதி பவுடர் மாதிரி. அது சிலிண்டருக்குள் போனால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போலத்தான். கம்பெனி பெட்டிக்குள் காகித ஃபில்டர், அடிக்கடி மாற்றுங்கள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டேப்பட், டைமிங் பெல்ட் இரண்டையும் வீட்டில் செய்யலாமா?

டேப்பட், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, செய்யலாம், செய்யவும் வேண்டும். ஸ்குரூவும் லாக் நட்டும்தான். இரவெல்லாம் குளிர்ந்த எஞ்சினில், விடியற்காலையில் தொடங்குங்கள். ஃபில்லர் கேஜ் தகடு, வெண்ணெய்க்குள் கத்தி போவது போல வழுக்காமல், லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். இன்டேக்கைவிட எக்ஸாஸ்டுக்கு இடைவெளி கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அந்தப் பக்கம்தான் சூட்டில் அதிகம் விரியும். முதல் முறை எனக்கு அரைநாள் ஆனது.

டைமிங் பெல்ட்டை நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு பல் தவறினாலும் வம்பு, அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். போன முறை எப்போது மாற்றினார்கள் என்று விற்றவர் பில் காட்டவில்லையா? மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு வாங்கிய வாரமே மாற்றுங்கள். வாட்டர் பம்பையும் சேர்த்து.

பிரேக்குக்கு என்ன செய்யலாம்?

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்பதுதான் அதன் தர அளவு. கொதித்தால் குமிழ், குமிழ் வந்தால் மிதி தரைக்குப் போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முன்னால் நல்ல பேட், பின்னால் டிரம்மைக் கழற்றித் தூசி தட்டி ஷூ அட்ஜஸ்ட் செய்தாலே மிதி உறுதியாகிவிடும். பெரிய டிஸ்க் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அலாய், டயர்?

சுற்றளவு மாறக் கூடாது. உதாரணத்துக்கு 175/70 ஆர் 13 டயரின் விட்டம் சுமார் 575 மி.மீ., 185/60 ஆர் 14 சுமார் 578. இப்படிக் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. நல்ல டயருக்குக் காசு கொடுங்கள், பெரிய ரிம்முக்கு வேண்டாம். ஒரு முக்கியமான விஷயம்: ஹோண்டாவின் சொந்த வீல் நட்டின் முனை உருண்டையாக இருக்கும், வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் இறுகினது மாதிரி தெரியும், ஓட ஓடத் தளரும். அலாய் வாங்கும்போதே அதற்கான நட்டையும் கேட்டு வாங்குங்கள்.

வண்டியின் உயரத்தை இறக்கலாமா?

நம்ம ஊரிலா? தை, மாசியில் உள்சாலைகளில் போய்ப் பாருங்கள். உளுந்தும் கொள்ளும் செடியோடு ரோட்டில் பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறி ஏறித்தான் மணி உதிரும். இறக்கிய வண்டியில் அந்தக் கொடி டிரைவ் ஷாஃப்டில் சுற்றிக் கயிறாக முறுக்கி, அதன் ரப்பர் உறையை அறுக்கும். காய்ந்த சருகு சூடான சைலன்சரில் ஒட்டினால் புகையும். ஒருமுறை அரைமணி நேரம் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறேன். வர்ணம் பூசாத வேகத்தடைகள் வேறு. நல்ல ஷாக் அப்சார்பர், புது புஷ், கம்பெனி உயரம். வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகும்.

சைலன்சர், டர்போ, சிப்?

சைலன்சர் மாற்றினால் சத்தத்துக்குக் கேஸ் போடுவார்கள். டர்போவுக்கு இந்த எஞ்சினின் உள்பாகங்கள் செய்யப்படவில்லை. எஞ்சின் கணினிக்குச் சிப் போட்டுக் கிடைக்கும் லாபம் போட்ட காசுக்குக் காணாது.

சட்டப்படி எதெல்லாம் கூடாது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதற்கானது. ஆர்.சி.யில் பதிந்த விவரம் கம்பெனியின் அமைப்புக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எஞ்சின் மாற்றம், நிற மாற்றத்துக்கெல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கண்ணாடிக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டுவதை 2012-இலேயே அந்த நீதிமன்றம் தடுத்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து ஐந்து வருடமாக ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது வண்டி எவ்வளவு கம்பெனி நிலையில் இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் வீடு திரும்பலாம்.

பார்ட்ஸ் எங்கே கிடைக்கும்?

பிளக், ஃபில்டர், பேட் திருச்சியிலும் மதுரையிலும் கிடைக்கும். புதியவற்றுக்குச் சென்னை ஜி.பி. ரோடு, கழற்றிய பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டை. காலையில் பல்லவன் ரயிலில் ஏறினால் மதியம் எழும்பூர், அங்கிருந்து இரண்டும் பக்கம்தான். பழைய பார்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்லிக் கேட்பதைவிடக் காட்டிக் கேட்பது மேல். டைமிங் பெல்ட், ஹோஸ், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் கழற்றிய சரக்காக வாங்காதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. இந்த வண்டி வந்த காலத்தில் யாரும் அதை நினைத்து ரப்பர் போடவில்லை. எத்தனாலில் எரிசக்தி குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கும், ஈரத்தையும் இழுக்கும். நான் எரிபொருள் ஹோஸ் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன், இன்ஜெக்டர் ஓ-ரிங்கையும். மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து மோந்து பார்க்கிறேன். பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கு வண்டி எடுப்பதில்லை.

வேகமாக ஓட்ட ஆசை. எங்கே ஓட்டுவது?

கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம். பொது ஓட்டுநர்களுக்கு நாள் ஒதுக்கும்போது பதிந்துகொண்டு போங்கள். புறவழிச்சாலையில் வேண்டாம். மாடு எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

வெளிநாட்டில் வேலை. வண்டி பூட்டிய வீட்டில் மாதக்கணக்கில் நிற்கிறது. என்ன செய்வது?

செட்டிநாட்டில் பாதி வீட்டுக் கதை இது. போகும்போது பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். டாங்கை நிரப்புங்கள், காலி இடத்தில்தான் ஈரம் சேரும். டயர் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், போட்டு வைத்தால் பின் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சும்மா ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். அரைச்சூட்டில் நிறுத்தினால் எஞ்சினுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் நீர் கோத்துக்கொள்ளும்.

திரும்பி வந்ததும் சாவியைத் திருப்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள். நண்பர் ஒருவரின் வண்டி கானாடுகாத்தானில் எட்டு மாதம் நின்றது. பெட்டியைத் திறந்தோம். ஃபில்டரைக் குடைந்து பஞ்சாக்கி, அதன்மேல் தேங்காய் நார் பரப்பி, ஓரத்தில் நிலக்கடலைத் தோலைக் குவித்து எலி ஒன்று குடும்பம் நடத்தியிருந்தது. பக்கத்தில் இன்ஜெக்டர் ஒயர் இரண்டு செம்பு தெரியக் கடிபட்டுக் கிடந்தன. பார்க்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் நாரும் தோலும் நேராக எஞ்சினுக்குள் போயிருக்கும். ஒயரை ஒட்டுப் போட்டு, பெட்டியைக் கழுவி, புது ஃபில்டர் வைத்த பிறகுதான் பாட்டரி ஒயரை மாட்டினோம்.